இரைப்பையின் உள்சுவரைக் காக்கும் மியூசின்: அல்சர் பற்றி நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

ரமழான் நெருங்கும்போது கோவையின் கோட்டைமேடு, உக்கடம், கரும்புக்கடை பகுதிகளிலும், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம், பள்ளப்பட்டி போன்ற ஊர்களிலும் நம் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "எனக்கு அல்சர் இருக்கு, நோன்பு வைக்கலாமா?" என்பதே அது. இதற்குப் பதில் தேடும் முன் வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும். அந்த அல்சர் எதனால் வந்தது?

"நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்தது", "காரம் அதிகம் சாப்பிட்டதால் வந்தது", "டென்ஷனால் வந்தது" என்பவையே நம்மிடையே வழக்கமாகக் கேட்கும் பதில்கள். மருத்துவ உலகமும் பல பத்தாண்டுகள் ஏறத்தாழ இப்படித்தான் நம்பியது. வயிற்றுப் புண்ணின் முக்கியக் காரணங்கள் இரண்டு என்பது இன்று உறுதியாகத் தெரியும். ஒன்று, 'ஹெலிகோபாக்டர் பைலோரி' என்ற பாக்டீரியா. மற்றொன்று, வலி மாத்திரைகள். இவ்விரண்டும் இரைப்பையின் உள்சுவரில் இருக்கும் ஒரு மெல்லிய பாதுகாப்பு ஏற்பாட்டைத்தான் குறிவைக்கின்றன. அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், எதைத் தவிர்க்க வேண்டும், எந்தப் பரிசோதனையைக் கேட்க வேண்டும், நோன்பு விஷயத்தில் எப்படி முடிவெடுக்க வேண்டும் என்பவை தாமாகவே விளங்கும்.

அமிலம் நிறைந்த பை ஏன் தன்னையே அரிப்பதில்லை?

நம் இரைப்பை ஒரு நாளில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை செரிமான நீரைச் சுரக்கிறது. அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், இறைச்சியைக் கரைக்கும் பெப்சின் என்ற நொதியும் உள்ளன. நாம் சாப்பிடும் ஆட்டுக்கறியும் சதைதான், இரைப்பையும் சதைதான். கறி கரைகிறது, அதைச் சுமக்கும் பை கரைவதில்லை.

இதற்குக் காரணம், உள்சுவர் முழுவதும் பூசினாற்போல் படிந்திருக்கும் கோழைப் படலம். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அமிலத்தைச் சமன்படுத்தும் பைகார்பனேட் உப்பு இந்தப் படலத்துக்குள் தங்கி நிற்கிறது. அதனால் இரைப்பையின் நடுவே அமிலத்தன்மை மிகக் கடுமையாக, பி.எச். அளவில் 1 முதல் 2 வரை இருந்தாலும், செல்களை ஒட்டிய இடத்தில் அது ஏறத்தாழ 7, அதாவது சாதாரணத் தண்ணீர் அளவுக்கு மென்மையாக இருக்கிறது. மெல்லிய படலத்தின் இரு பக்கங்களுக்கும் இடையே இவ்வளவு பெரிய வித்தியாசம்! படைத்தவனின் ஏற்பாட்டை எண்ணி வியக்காமல் இருக்க முடியாது.

இந்தக் கோழைக்கு அதன் பிசுபிசுப்பைத் தருபவை 'மியூசின்' என்னும் மூலக்கூறுகள். நடுவில் ஒரு நீண்ட புரதத் தண்டு. அதைச் சுற்றிலும் அடர்த்தியாகச் சர்க்கரைச் சங்கிலிகள். பால் பாட்டில் கழுவும் பிரஷ்ஷை நினைத்துக்கொண்டால் போதும். எடையில் பெரும்பகுதி சர்க்கரைச் சங்கிலிகளே. அவை தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் கூழ் போன்ற தன்மை உண்டாகிறது.

இரண்டு வகை மியூசின்கள்

மனித உடலில் இருபதுக்கும் மேற்பட்ட மியூசின் மரபணுக்கள் உள்ளன. அவை உருவாக்கும் மியூசின்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, செல்களிலிருந்து வெளியே சுரந்து கோழைப் படலமாகப் படிபவை. இரைப்பையின் மேற்பரப்புச் செல்கள் 'மியூசின்-5ஏசி' என்பதையும், ஆழத்திலுள்ள சுரப்பிகள் 'மியூசின்-6' என்பதையும் சுரக்கின்றன. இந்தப் படலம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. மேலே உள்ளது கரைந்து உணவோடு கீழே போக, அடியிலிருந்து புதியது வந்துகொண்டே இருக்கும்.

இரண்டாம் வகை, செல்லின் மேற்பரப்பிலேயே வேர் ஊன்றி நிற்பவை. இரைப்பையில் இவற்றுள் முக்கியமானது 'மியூசின்-1'. நெல் வயலில் நாற்று நிற்பதுபோல இவை செல்லின் தோலிலிருந்து எழுந்து நிற்கின்றன. செல்லின் மேல் இருக்கும் மற்ற மூலக்கூறுகளைவிட இவை உயரமானவை. இவற்றின் அடிப்பகுதி செல்லுக்கு உள்ளேயும் நீண்டிருப்பதால், வெளியே நடப்பதை உள்ளே தெரிவிக்கும் வேலையையும் செய்கின்றன.

கோழைப் படலம் வீட்டின் காம்பவுண்டுச் சுவர் என்றால், மியூசின்-1 வாசல் கதவு. சுவரைத் தாண்டி வரும் திருடனைக் கதவு என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சுவரைத் தாண்டும் பாக்டீரியா

அமிலம் நிறைந்த இரைப்பையில் எந்தக் கிருமியும் வாழ முடியாது என்றே மருத்துவர்கள் நீண்டகாலம் நம்பினர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோய்க்கூறு மருத்துவர் ராபின் வாரன், 1979ல் இரைப்பைத் திசுக்களில் வளைந்த பாக்டீரியாக்கள் இருப்பதைக் கவனித்தார். இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்துகொள்ள, 1982ல் ஈஸ்டர் விடுமுறையின்போது அந்தக் கிருமியை முதன்முறையாக வளர்த்துக் காட்டினர். அதன் பிறகும் பலர் நம்பவில்லை. 1984ல் மார்ஷல் அந்தப் பாக்டீரியா கலந்த திரவத்தைத் தாமே குடித்தார். சில நாட்களில் அவருக்கு இரைப்பை அழற்சி ஏற்பட்டது. 2005ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பைலோரி பாக்டீரியா திருகு வடிவம் கொண்டது. ஒரு முனையில் சாட்டை போன்ற இழைகள் உண்டு. அது 'யூரியேஸ்' என்ற நொதியைக் கொண்டு யூரியாவை அம்மோனியாவாக மாற்றி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது. அமிலம் தணியும்போது அதன் அருகிலுள்ள கோழையும் இளகுகிறது. இளகிய பாதையில் சாட்டையைச் சுழற்றி நீந்தி, செல்களின் பக்கம் வந்து சேர்கிறது. அங்கே சில குறிப்பிட்ட சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றிக்கொள்வதற்கென்றே அதன் உடலில் கொக்கிப் புரதங்கள் இருக்கின்றன.

மியூசின்-1 செய்யும் மூன்று வேலைகள்

மியூசின்-1 இந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் படிப்படியாகக் கண்டறிந்தனர். மைக்கேல் மெக்குகின், சாரா லிண்டன், பிலிப் சட்டன் ஆகியோர் இதில் முக்கியமானவர்கள். மியூசின்-1 மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கும் சாதாரண எலிகளுக்கும் பைலோரி தொற்றை ஏற்படுத்தி 2007ல் ஒப்பிட்டபோது, மியூசின்-1 இல்லாத எலிகளின் இரைப்பையில் கிருமிகள் பல மடங்கு அதிகமாகக் குடியேறியிருந்தன. அழற்சியும் கடுமையாக இருந்தது.

முதல் வேலை, எட்டவிடாமல் தடுப்பது. உயரமாகவும் நெருக்கமாகவும் நிற்பதால், கிருமி செல்லின் தோலைத் தொடும் அளவுக்கு நெருங்க முடிவதில்லை.

இரண்டாவது வேலை, ஏமாற்றி அனுப்புவது. பைலோரி தேடும் அதே சர்க்கரைச் சங்கிலிகள் மியூசின்-1ன் மேலும் இருக்கின்றன. செல்லைப் பிடித்துவிட்டோம் என்று கிருமி அதைப் பற்றிக்கொள்ளும்போது, மியூசின்-1ன் வெளிப்பகுதி கழன்று வந்துவிடுகிறது. பல்லி தன் வாலை விட்டுவிட்டுத் தப்புவது போலத்தான். கழன்ற துண்டைப் பிடித்தபடியே கிருமி கோழையோடு அடித்துச் செல்லப்படுகிறது. இந்த இரண்டு வழிகளையும் 2009ல் வெளிவந்த ஆய்வு விளக்கியது.

மூன்றாவது வேலை, அழற்சியை அளவோடு நிறுத்துவது. உண்மையில் புண்ணுக்குக் காரணமாவது கிருமியின் கடி மட்டுமல்ல. கிருமியை எதிர்த்து நம் உடல் நடத்தும் சண்டையும்தான். திருடனைப் பிடிக்க வந்த காவலாளி கண்மண் தெரியாமல் தடியைச் சுழற்றினால் வீட்டுச் சாமான்களே உடையும் அல்லவா? கிருமியைக் கண்டதும் நோய் எதிர்ப்பு செல்களுக்குள் 'இன்ஃப்ளமசோம்' என்ற ஓர் எச்சரிக்கை அமைப்பு இயங்கத் தொடங்கி, 'இன்டர்லூக்கின்-1 பீட்டா' என்ற அழற்சிப் பொருளை வெளியிடச் செய்கிறது. இந்த அமைப்பு எல்லை மீறாமல் மியூசின்-1 கட்டுப்படுத்துகிறது என்பதை 2016ல் மெல்போர்ன் ஆய்வுக் குழு காட்டியது. மியூசின்-1 இல்லாத எலிகளில் இந்தக் கடிவாளம் இல்லாததால் அழற்சி மிகக் கடுமையானது.

இவை எலிகளில் செய்யப்பட்ட சோதனைகள். மனிதர்களிலும் இதற்கு ஒத்துப்போகும் அடையாளங்கள் உண்டு. மியூசின்-1ன் நீளம் ஆளுக்கு ஆள் மாறுபடும். நீளம் குறைந்த வகையைப் பெற்றவர்களிடம் இரைப்பைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படுவதாகப் போர்ச்சுகலில் 1990களில் நடந்த ஆய்வு தெரிவித்தது. ஒரே வீட்டில், ஒரே சாப்பாடு சாப்பிட்டு, ஒரே கிருமியைச் சுமக்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் புண் வருவதற்கான காரணங்களில், பிறவியிலேயே அமைந்த இந்த வித்தியாசமும் ஒன்றாக இருக்கலாம்.

தமிழகத்தின் பழைய அனுபவம்

அல்சர் நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. எவரெஸ்ட் ஏறச் சென்ற 1922, 1924ஆம் ஆண்டுக் குழுக்களில் இருந்த ஆங்கில மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல், பின்னர் இன்றைய குமரி மாவட்டத்தின் நெய்யூர் மருத்துவமனையில் நீண்டகாலம் பணியாற்றினார். அப்பகுதி அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே முன்சிறுகுடல் புண்ணோடு வந்தவர்களின் கூட்டம் மிகப் பெரிது. அவர்களுக்குச் செய்த ஏராளமான அறுவை சிகிச்சைகளின் அனுபவத்தை அவரும் சக மருத்துவர் ஓர் என்பவரும் 1936ல் மருத்துவ இதழில் எழுதினர்.

அக்கால மருத்துவர்கள் உணவையே பெரிதும் சந்தேகித்தனர். நம் சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு என்று சொல்லும் மரவள்ளியை நம்பி வாழ்ந்த ஏழைகளின் சத்துக் குறைந்த உணவு காரணமாக இருக்கலாம் என்று கருதினர். உணவுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். ஆனால் கிருமியைப் பற்றி அன்று யாருக்கும் தெரியாது. கத்தி வைத்து அறுத்துச் சரிசெய்த அதே நோய்க்கு, இன்று இரண்டு வார மாத்திரை போதுமானதாகிவிட்டது.

எப்படித் தொற்றுகிறது? யாருக்கு ஆபத்து?

உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இந்தக் கிருமியைச் சுமக்கின்றனர். இந்தியாவில் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இது இருக்கிறது. பெரும்பாலும் சிறு வயதில், குடும்பத்துக்குள்ளேயே தொற்றுகிறது. உமிழ்நீர், வாந்தி, மலம் பட்ட கை, அசுத்தமான தண்ணீர் ஆகியவை இதன் வழிகள்.

கிருமி இருக்கும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலானோர் தொந்தரவின்றியே வாழ்ந்துவிடுகின்றனர். வாழ்நாளில் நூற்றில் 10 முதல் 15 பேருக்குப் புண் வரலாம். மிகச் சிலருக்கு, பல ஆண்டுகள் நீடித்த அழற்சி புற்றுநோயாக மாறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994லேயே இந்தக் கிருமியைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. சென்னையில் ஆண்களுக்கு வரும் முக்கியப் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோயும் ஒன்று என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

வலி மாத்திரை செய்யும் வேலை

கோழையும் பைகார்பனேட்டும் சுரக்க 'புராஸ்டாகிளாண்டின்' என்ற பொருள் தேவை. மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் நாம் வாங்கிச் சாப்பிடும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளும், ஆஸ்பிரினும் இந்தப் பொருளைக் குறைத்துவிடுகின்றன. காம்பவுண்டுச் சுவர் மெலிந்துவிடுகிறது. ஏற்கனவே பைலோரி இருப்பவர் இவற்றைத் தொடர்ந்து எடுத்தால் ஆபத்து இன்னும் கூடும்.

பனியன் கம்பெனியிலும் பஞ்சு மில்லிலும் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு, மெடிக்கல் ஷாப்பில் "வலிக்கு ஒரு செட் மாத்திரை கொடுங்க" என்று வாங்கி விழுங்குவது நம் பகுதியில் சர்வசாதாரணம். வயிறு எரிந்தால் அதே கடையில் 'கேஸ் மாத்திரை'. அது அமிலத்தைக் குறைத்து வலியைத் தணிக்கும். ஆனால் கிருமி அங்கேயே இருக்கும். மாத்திரையை நிறுத்தியதும் வலி திரும்பும். இப்படியே ஆண்டுகள் ஓடிவிடும். இதய நோய்க்காக மருத்துவர் தந்த ஆஸ்பிரினை மட்டும் யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. வயிற்றுத் தொந்தரவைச் சொல்லி, அவரிடமே வழி கேட்க வேண்டும்.

காரம் புண்ணை உண்டாக்குவதில்லை; இருக்கும் புண்ணை எரியச் செய்யலாம். பால் சற்று நேரம் இதமாக இருக்கும். பிறகு அமிலச் சுரப்பைத் தூண்டும். புகைப் பழக்கம் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

பரிசோதனையும் சிகிச்சையும்

பைலோரியைக் கண்டறிய மூன்று நம்பகமான வழிகள் உள்ளன. ஊதிக் காட்டும் யூரியா மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை, எண்டோஸ்கோபி செய்து திசு எடுத்துப் பார்த்தல். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பி.எஸ்.ஜி. மருத்துவமனை போன்ற இடங்களில் குடல், இரைப்பை நோய்களுக்கெனத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. கேஸ் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், கிருமி இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். அதனால் பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பு அதையும், நான்கு வாரம் முன்பு ஆன்டிபயாட்டிக்கையும் நிறுத்தச் சொல்வார்கள். கர்ப்பிணிகள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சிகிச்சை என்பது அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு குறைந்தது இரண்டு ஆன்டிபயாட்டிக்குகள், பொதுவாக 14 நாட்கள். சில முறைகளில் பிஸ்மத் என்ற மருந்தும் சேரும். அது மலத்தைக் கறுப்பாக்கும், பயப்படத் தேவையில்லை. நான்காம் நாளே வலி போய்விட்டது என்று நிறுத்துவதுதான் பெரிய தவறு. தப்பிப் பிழைத்த கிருமிகள் அந்த மருந்துக்கு அடங்காதவையாகிவிடும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், இந்தியாவின் பல நகரங்களில் எடுத்த பைலோரி கிருமிகளைச் சோதித்து 2003ல் வெளியிட்ட ஆய்வில், அவற்றில் மிகப் பெரும்பாலானவை மெட்ரோனிடசோல் மருந்துக்கு அடங்கவில்லை. வயிற்றுப்போக்குக்கென்று நாம் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் அதே மருந்துதான் இது.

சிகிச்சை முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, கிருமி ஒழிந்ததா என்று மீண்டும் பரிசோதிப்பது அவசியம்.

நோன்பு வைக்கலாமா?

நோன்பு பைலோரியை உண்டாக்குவதில்லை. ஆரோக்கியமான இரைப்பையின் கோழைப் படலம், பகலில் உணவு இல்லாத நேரத்திலும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. புண் முழுமையாக ஆறி, கிருமியும் ஒழிந்துவிட்டது என்று உறுதியானவர்கள் பெரும்பாலும் தடையின்றி நோன்பு வைக்கலாம்.

ஆறாத புண் இருப்பவர்கள், சமீபத்தில் இரத்தக் கசிவு ஏற்பட்டவர்கள், சிகிச்சையின் நடுவில் இருப்பவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு வேளை மருந்து என்றால் ஸஹரிலும் இஃப்தாரிலும் எடுத்துக்கொள்ள மருத்துவர் வழி சொல்லக்கூடும். நான்கு வேளை மருந்து என்றால் அது நோன்போடு ஒத்துவராது. ரமழானுக்கு ஒன்றிரண்டு மாதங்களுக்கு முன்பே பரிசோதித்துச் சிகிச்சையை முடித்துக்கொள்வது நல்லது. அதற்கும் வாய்ப்பில்லாவிட்டால், நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய மார்க்கம் அனுமதி தந்திருக்கிறது. அந்தச் சலுகையைப் பயன்படுத்துவதில் குற்ற உணர்வு தேவையில்லை.

இஃப்தாரில் தண்ணீர், பேரீச்சம்பழம், நோன்புக் கஞ்சி என்று மெதுவாகத் தொடங்கலாம். பஜ்ஜி, சமோசாவை வெறும் வயிற்றில் குவித்துவிட்டு வரும் எரிச்சலுக்கு நோன்பின் மீது பழி போடக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

கழிவறை சென்று வந்த பின்னும், சமைக்கும் முன்னும், சாப்பிடும் முன்னும் சோப்பால் கை கழுவுவோம். உணவை மென்று குழந்தைக்கு ஊட்டும் பழக்கத்தையும், பெரியவர் வாயில் வைத்த ஸ்பூனைக் குழந்தைக்குத் தருவதையும் நிறுத்துவோம். சிறுவாணித் தண்ணீராகவே இருந்தாலும், சம்ப்பையும் மேல்தொட்டியையும் அவ்வப்போது கழுவி, குடிநீரைக் காய்ச்சிக் குடிப்போம். தாய், தந்தை, உடன்பிறந்தோரில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால், தொந்தரவு இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் பைலோரி பரிசோதனை பற்றிக் கேட்போம்.

தார் போன்ற கறுப்பு மலம், இரத்த வாந்தி, திடீரென்று கத்தியால் குத்தினாற்போன்ற வயிற்று வலி ஆகியவை வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காரணமில்லாத எடை குறைவு, விழுங்குவதில் சிரமம், சோகை, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய வயிற்றுத் தொந்தரவு ஆகியவற்றுக்கு எண்டோஸ்கோபி பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். "வெறும் கேஸ்தான்" என்று தள்ளிப்போட்ட மாதங்களில்தான் புற்றுநோய் முற்றுகிறது.

கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலக்கூறு, தன் பாதியைக் கழற்றிக் கொடுத்துக்கூட நம் இரைப்பையைக் காத்துக்கொண்டிருக்கிறது. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வீட்டில் யாருக்காவது மாதக்கணக்கில் கேஸ் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால், வரும் ரமழானுக்கு முன்பே அவரை அழைத்துச் சென்று பரிசோதித்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.